படத்தில் இருப்பது எந்த ஊர்?

உலகத்தில் பைத்தியம் பலவிதம் என்பது நேயர்கள் அறிந்த விஷயம். தபால் தலை சேர்க்கும் பைத்தியம், கச்சேரிப் பைத்தியம், சீட்டாட்டப் பைத்தியம் முதலியவற்றுக்கு அநேகமாக ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பிரதிநிதி உண்டு. ஆனால் பழைய விமான மைதானப் பைத்தியம் என்று ஒன்று இருப்பதைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நாம் அந்த வியாதியில் பதினைந்து வருஷமாக உழலுகிறவர்கள். மருந்து உண்டா என்று தேடியதில்லை. நம்மைப் போன்ற நோயாளிகள் இன்னும் நாலு பேரைத் தேடிப் பிடித்ததுதான் நாம் செய்த சிகிச்சை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் காரைக்குடியில் நம் வீட்டுத் திண்ணையில் இந்த ஐவர் சபை கூடும். ஓய்வு பெற்ற பாங்கி ஏஜெண்டு ஒருவர். அவருக்குச் சொந்த ஊர் மதுரை. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர். விமானப் படையில் இயந்திரம் பழுது பார்க்கும் சார்ஜெண்டாக இருந்தவர் ஒருவர். இஞ்சினீயரிங் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி. சபையில் முப்பது வயதுக்குக் குறைந்தவள் அவள் ஒருத்திதான், கம்ப்யூட்டரில் செயற்கைக்கோள் படங்களைப் பெரிதாக்கிச் சிறிதாக்கிக் காட்டும் வித்தை தெரிந்தவளும் அவள் ஒருத்திதான். ஐந்தாவது ஆள், சரித்திரம் கற்பிக்கும் உபாத்தியாயராகிய நாம்.

சபையின் வேலை என்னவென்றால், ஒரு படமோ, பழைய கடிதமோ, யாரோ ஒருவருடைய ஞாபகமோ கையில் கிடைத்தால் அதில் வரும் விமான மைதானம் எந்த ஊர் என்று கண்டுபிடிப்பது. இதனால் நாட்டுக்கு என்ன லாபம் என்று நம் வீட்டார் கேட்பதுண்டு. காபி கொண்டுவரும் சமயத்தில்தான் பெரும்பாலும் கேட்பார்கள். ஆகையால் பதில் சொல்லாமல் இருந்துவிடுவோம்.

கண்டுபிடிக்கும் வேலை ஒரு மணி நேரம் என்றால் கதை பேசுவது இரண்டு மணி நேரம். சார்ஜெண்ட் லே நகரத்துக்குப் ‘பாக்கெட்’ விமானத்தில் போன கதையை நாம் பத்துத் தடவையாவது கேட்டிருப்போம். அது இரட்டை வால் கொண்ட அமெரிக்க விமானம். இரண்டு இஞ்சின்கள் இமயமலையைத் தாண்டப் போதாது என்று, முதுகின் மேல் ஒரு ஜெட் இஞ்சினையும் கட்டி நம்மவர்கள் ஓட்டினார்கள். பத்தாயிரம் அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது லே. அங்கே இறங்கிக் கதவைத் திறந்தால் மூச்சு எங்கேயோ போய்விடுமாம். “மலை ஜன்னலுக்குக் கீழே தெரிந்தால் அது மெட்ராஸ் விமானம் ஸார், மலை ஜன்னலுக்குப் பக்கத்தில் தெரிந்தால் அது லே விமானம்” என்பார். கார்டு ஐயா ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் பறந்தவர். ‘ஆவ்ரோ’ விமானத்தில் சென்னையிலிருந்து மதுரைக்கு வந்தாராம். காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சும், சப்புவதற்குப் பெப்பர்மிண்டும் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். பஞ்சை வாயிலும் பெப்பர்மிண்டைப் பையிலும் போட்டுக்கொண்டதாக அவரே சொல்லிச் சிரிப்பார். பாங்கி ஏஜெண்டு சிறு வயதில் தகப்பனாரோடு சோழவரத்துக்கு மோட்டார்ப் பந்தயம் பார்க்கப் போனவர். பந்தயத்துக்கென்றே போட்ட ரஸ்தா என்று அவர் வெகு காலம் நம்பியிருந்தார். யுத்த காலத்து விமான ஓடுபாதையில்தான் 1950-களிலிருந்து அந்தப் பந்தயங்கள் நடந்தன என்று அறிந்த தினத்தில்தான் இந்த வியாதி தம்மைப் பற்றியதாகச் சொல்லுகிறார்.

மைதானத்தை அடையாளம் கண்டுகொள்வது அவ்வளவு பிரமாதமா என்று கேட்கிறவர்களுக்கு பம்பாய்க் கதையைச் சொல்லுவோம். ஜூஹுவில் கடற்கரையை ஒட்டி ஒரு சிறு விமான மைதானம் இருக்கிறது. 1932-ஆம் வருஷம் அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு ஒற்றை இஞ்சின் ‘பஸ் மாத்’ விமானத்தை ஓட்டிவந்து இறங்கிய மைதானம் அதுதான். நெவில் வின்சென்ட் அந்தத் தபாலைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். ஜூஹுவுக்குச் சில மைல் தூரத்தில், பின்னால் வந்தது சாந்தாக்ரூஸ் பெரிய விமான நிலையம். 1953-இல் ஒரு பிரிட்டிஷ் காமெட் ஜெட் விமானம் சாந்தாக்ரூஸ் என்று எண்ணி ஜூஹுவில் இறங்கிவிட்டது. 1972 செப்டம்பரில் ஒரு ஜப்பானிய ஜெட் விமானமும் அதையே செய்தது. ஓடுபாதை போதாமல் ஓடிப்போய்ப் பள்ளத்தில் விழுந்தது. வரைபடமும் ரேடியோவும் கையில் வைத்துக்கொண்டு, பயிற்சி பெற்ற விமானிகளே மேலிருந்து ஊர் மாறி இறங்குகிறார்கள் என்றால், எண்பது வருஷத்துக்கு முந்திய மங்கிய போட்டோவை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து ஊர் கண்டுபிடிப்பது எவ்வளவு சிரமம் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்தில் இத்தனை கைவிடப்பட்ட விமான மைதானங்கள் வந்ததற்குக் காரணம் இரண்டாவது உலக யுத்தம். 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 5-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு காலையில், ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மேல் குண்டு வீசின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9-ஆம் தேதி திருகோணமலை. சென்னையை விட்டு ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பியது அந்த மாதந்தான். கொழும்புத் தாக்குதலில் நம் சபைக்கு மிகவும் பிடித்த ஒரு கட்டம் உண்டு. நகரத்துக் குதிரைப் பந்தய மைதானத்தை அவசர அவசரமாக விமான ஓடுபாதையாக மாற்றியிருந்தார்கள். ரத்மலானை விமான நிலையத்தைப் பற்றி ஜப்பானியருக்குத் தெரியும். பந்தய மைதானத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. அங்கிருந்து ‘ஹரிக்கேன்’ சண்டை விமானங்கள் கிளம்பி வந்ததைக் கண்டு திகைத்திருப்பார்கள். அடையாளம் தெரியாத மைதானத்தின் மகிமைக்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

அதற்குப் பிறகு தமிழ்நாடு முழுவதும் மைதானங்கள் முளைத்தன. சோழவரம், அரக்கோணம், தாம்பரம், உளுந்தூர்ப்பேட்டை, தஞ்சாவூர், செட்டிநாடு, கயத்தாறு, சூலூர் என்று அடுக்கிக்கொண்டு போகலாம். ஓடுபாதைக்கு இடம் போதாதென்று ஏரியையும் விடவில்லை. சென்னைக்குக் குடிநீர் தரும் செங்குன்றம் ஏரியில் ‘கேட்டலினா’ என்னும் நீர் விமானங்கள் இறங்கி ஏறின. இன்றைக்குச் சென்னையில் குழாயைத் திறக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பெயர் விஷயத்தில் ஒரு வேடிக்கை. பிரிட்டிஷ் கடற்படை வழக்கப்படி கரையில் இருக்கும் தளமும் கப்பல்தான்; அதற்குக் கப்பலைப் போலவே பெயர் வைக்க வேண்டும். நம் நாட்டுத் தளங்களுக்குப் பறவைகளின் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். கோயம்புத்தூருக்குக் ‘கருடா’. சூலூருக்கு ‘வைரி’. தாம்பரத்துக்கு ‘வல்லூறு’. இலங்கையில் புத்தளத்துக்கு ‘ராஜாளிய’, கட்டுக்குருந்தைக்கு ‘உகுஸ்ஸா’. இவை சிங்களப் பெயர்கள். புத்தளத்தில் சேற்றில் சிக்கிய விமானங்களை இழுக்க யானையைக் கட்டினார்கள். அந்தப் போட்டோ பிரசித்தமானது. ஆங்கிலேயக் கப்பற்படை அதிகாரி ஒருவர் மேஜைக்கு முன் உட்கார்ந்து ‘வல்லூறு’ என்பதை எப்படி உச்சரித்திருப்பார் என்று யோசித்தால் நமக்குச் சிரிப்பு வருகிறது. தமிழ் தெரிந்த யாரோ ஒருவர் அவருக்குப் பக்கத்தில் நின்று இந்தப் பெயர்களை எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். அந்தப் புண்ணியவான் யாரோ! சுதந்திரத்துக்குப் பிறகு நம் கடற்படையும் அந்த வழக்கத்தைக் கைவிடவில்லை. கொச்சித் தளம் கருடா ஆயிற்று. அரக்கோணத்துப் பழைய மைதானம் 4 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட ஓடுபாதையோடு 1992 மார்ச்சில் ‘ராஜாளி’யாக உயிர்த்தெழுந்தது. ராமநாதபுரத்தை அடுத்த உச்சிப்புளி 2009-இல் ‘பருந்து’ ஆயிற்று. மற்ற மைதானங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இனி அடையாளம் காணும் முறையைச் சொல்ல வேண்டும். ஓடுபாதையின் இரு முனைகளிலும் பெரிய எண்கள் எழுதியிருப்பதை விமானத்தில் போனவர்கள் பார்த்திருக்கலாம். காந்த ஊசி காட்டும் திசையைப் பாகையில் எடுத்துக் கடைசி எண்ணை விட்டால் அந்த எண் கிடைக்கும். மதுரையிலும் திருச்சியிலும் 09, 27. அதாவது கிழக்கு மேற்கு. கோயம்புத்தூரிலும் சூலூரிலும் 05, 23, தென்மேற்கிலிருந்து வடகிழக்கு. சென்னையின் பெரிய ஓடுபாதை 07, 25. நம் பக்கத்தில் காந்த வடக்குக்கும் நிஜ வடக்குக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு பாகைக்குமேல் இல்லையாதலால் திண்ணைப் பண்டிதர்களுக்குக் கணக்கு சுலபம். பழைய மைதானத்தில் எண் அழிந்து போயிருக்கும். ஆனால் திசை அழியாது. புல் முளைத்தாலும், கருவேலம் அடைத்தாலும், மேலேயிருந்து பார்க்கும்போது அந்த நேர்கோடு தெரியும். இயற்கைக்கு நேர்கோடு போடத் தெரியாது அல்லவா? ஓடுபாதைக்கு ஒதுக்குப்புறமாகக் குதிரை லாடம் போல் வளைந்த மண் மேடுகள் இருந்தால் அவை குண்டுக்குப் பயந்து விமானத்தை ஒளித்துவைத்த கொட்டடிகள். அமெரிக்க ராணுவம் 1950-களில் அச்சிட்ட இந்தியப் படங்களை டெக்ஸாஸ் சர்வகலாசாலை எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. அவற்றில் பல மைதானங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. படைப் பிரிவுகளின் தினசரிக் குறிப்புகள் லண்டனை அடுத்த கியூ என்னும் இடத்திலுள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எந்த விமானம் எத்தனை மணிக்கு ஏறிற்று, எப்போது இறங்கிற்று என்பதெல்லாம் அங்கே உண்டு.

இவ்வளவு சாமர்த்தியமும் சென்ற வருஷம் நம் கைக்கு வந்த ஒரு போட்டோவின் முன் தடுமாறிற்று.

யுத்தத்தில் விமானப் படையில் இயந்திரத் தொழிலாளியாக இருந்த ஓர் ஆங்கிலேயரின் பேத்தி அதன் பிரதியை அனுப்பியிருந்தாள். தாத்தாவின் பெட்டியில் கிடைத்ததாம். நடுவில் ஒரு ‘ஸ்பிட்பயர்’ விமானம். மூக்கில் ஐந்து அலகு கொண்ட சுழலி. பின்னால் பனை மரங்கள், தட்டையான பூமி, அதற்குமேல் வானம். இடது ஓரத்தில், போட்டோ எடுத்தவர் கவனித்தாரோ இல்லையோ, தலையில் கூடையோடு மூன்று பெண்கள் நடந்து போகிறார்கள். படத்தின் முதுகில் பென்ஸிலால் ‘மதுரா, ஜூலை 1945’ என்று எழுதியிருந்தது.

“பிறகென்ன ஸார், மதுரை என்றுதான் எழுதியிருக்கிறதே!” என்று பாங்கி ஏஜெண்டு ஆனந்தப்பட்டார். தம் ஊருக்கு ஸ்பிட்பயர் வந்ததில் அவருக்குச் சொந்தப் பெருமை.

ஐந்து அலகுச் சுழலி என்றால் அது கிரிபன் இஞ்சின் பூட்டிய 14-ஆம் மாதிரி ஸ்பிட்பயர் என்றார் சார்ஜெண்ட். 1945-இல் மலாயாவைத் திரும்பப் பிடிப்பதற்காக அந்த மாதிரி விமானங்களோடு 11-ஆம் ஸ்குவாட்ரனும் 17-ஆம் ஸ்குவாட்ரனும் பர்மாவிலிருந்து தெற்கே வந்து தங்கின. 17-ஆம் ஸ்குவாட்ரன் மதுரையில் இருந்தது. அதுவரையில் ஏஜெண்டின் கட்சி பலமாகத்தான் இருந்தது.

கல்லூரிப் பெண்தான் முதலில் கேட்டாள்: “மலை எங்கே ஸார்?”

மதுரை விமான நிலையத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். வடமேற்கே திருப்பரங்குன்றம், பசுமலை. வடகிழக்கே யானைமலை. படத்திலோ ஒரு கூழாங்கல் கூடத் தலை தூக்கவில்லை. ஏஜெண்டு மடங்குகிற பேர்வழியா? “தெற்கு முகமாக நின்று எடுத்திருப்பான், மலையெல்லாம் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கும்” என்றார். நியாயமான ஆட்சேபம்.

அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. படத்தில் நிழல்களைப் பார்த்தோம். விமானத்தின் நிழலும் மனிதர்களின் நிழலும் வெகு குட்டையாக, படம் எடுத்தவரை நோக்கி விழுந்திருந்தன. குட்டை நிழல் என்றால் நடுப்பகல். நடுப்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். ஆனால் நம் சீமையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்டு கடைசி வரை சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது. ஜூலையில் உச்சி வேளை நிழல் தெற்கே விழும். ஆள் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். நிழல் நம்மை நோக்கி விழுந்திருந்தால் படம் எடுத்தவர் வடக்கு முகமாகப் பார்த்து நின்றிருக்கிறார். மதுரையில் வடக்கே பார்த்து நின்றவன் யானைமலையை எங்கே ஒளித்துவைப்பான்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதை விவரித்தபோது ஏஜெண்டு சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, “மதுரை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு எது? தஞ்சாவூரிலும் மலை கிடையாது, உளுந்தூர்ப்பேட்டையிலும் கிடையாது” என்றார். வாஸ்தவந்தான். 11-ஆம் ஸ்குவாட்ரன் தங்கிய இடங்களில் ஒன்று செட்டிநாடு. நம் திண்ணையிலிருந்து கூப்பிடு தூரம். வெள்ளைக்காரச் சிப்பாய் தனக்குத் தெரிந்த பெரிய ஊரின் பெயரை எழுதிவைப்பது வழக்கந்தான். ஆனால் அத்தாட்சி?

செட்டிநாட்டு மைதானம் இப்போது கால்நடைப் பண்ணை நிலத்துக்குள் இருக்கிறது. அனுமதி கேட்டுக்கொண்டு ஒரு காலை வேளையில் போனோம். வெடித்த பாதை, வெடிப்பில் புல், புல்லை மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள். சுற்றிலும் செம்மண். போட்டோவை உயர்த்திப் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தோம். பனை மரங்கள் எண்பது வருஷம் அதே இடத்தில் காத்திருக்குமா? ஒன்றும் தெளிவாகவில்லை.

நம்மோடு வந்திருந்த எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி, “ஸார், எங்க பெரிய அப்பத்தா இங்கதான் கல்லு சுமந்துச்சாம்” என்றான். பதினைந்து வருஷமாக கியூவையும் டெக்ஸாஸையும் குடைந்துகொண்டிருந்த நமக்கு, மூன்று மைல் தூரத்தில் இருந்த சாட்சியைப் பற்றித் தெரியாது. வெட்கமாகத்தான் இருந்தது.

தொண்ணூறு தாண்டியவள். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் புரை எடுத்தாகிவிட்டதால் பார்வை நமக்கு இருப்பதைவிட மேல். படத்தைக் கையில் கொடுத்தோம். வெகு நேரம் பேசவில்லை. விமானத்தை அவள் பார்க்கவே இல்லை. விரல் நேராக இடது ஓரத்துக்குப் போயிற்று.

“வாத்தியாரய்யா, இந்தப் படம் உங்க கைக்கு எப்படி வந்துச்சு?”

சொன்னோம்.

“நடுவுல போறவ நாந்தேன்” என்றாள்.

ஏஜெண்டு நம்மைப் பார்த்தார். அவர் பார்வையின் பொருள் நமக்குப் புரிந்தது. முகமே தெளிவாகத் தெரியாத படம். கிழவிக்கு ஆசை இருக்காதா? ஆகவே, “எப்படிச் சொல்லுறீங்க, அப்பத்தா?” என்று மெல்லக் கேட்டோம்.

“எனக்கு அப்பப் பன்னெண்டு வயசு. மத்தவ ரெண்டு பேரும் பெரியவுக. கூடை எந்தலைக்குப் பெருசு. ஒரு கையால புடிச்சா நிக்காது. ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டுத்தேன் நடப்பேன். அதுக்கு மேஸ்திரி ஏசுவாரு, வேகமா நட வேகமா நடன்னு.” படத்தை நம் பக்கம் திருப்பினாள். இரண்டு பெண்கள் ஒரு கையை வீசி நடக்கிறார்கள். நடுவில் இருப்பவள் குட்டை; இரண்டு கையும் கூடையின் மேல். நாம் ஐந்து பேர், பூதக் கண்ணாடி வைத்துக்கொண்டு, மூன்று மாதம் பார்த்த படம். சுழலியின் அலகை எண்ணினோம், நிழலை அளந்தோம். இதைப் பார்க்கவில்லை.

செம்புறாங்கல்லை உடைத்துப் பரப்பிய கதை, மழையில் பாதை உப்பினால் இரவோடு இரவாக அடைத்த கதை, மண்ணெண்ணெய் கிடைக்காத கதை எல்லாம் சொன்னாள். கூலி அணாக் கணக்கு. அதில் மேஸ்திரிக்கு ஒரு பங்கு. விமானம் கிளம்பும் சத்தத்தில் கறவை மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுமாம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பிஸ்கோத்து கொடுப்பார்களாம். இதையெல்லாம் சார்ஜெண்ட் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார்.

“பயமாக இல்லையா, அவ்வளவு பக்கத்தில் விமானம் போகும்போது?” என்று கல்லூரிப் பெண் கேட்டாள்.

“பயமா? தெனமும் அத எண்ணுவேன் தாயி. எத்தன போச்சு, எத்தன திரும்பி வந்துச்சுன்னு. இதெல்லாம் மலாயாவுக்குப் போற கப்பல்னு மேஸ்திரி ஒரு நா சொல்லிப்புட்டாரு. எங்க ஐயா கிள்ளானுல இருந்தாரு. நான் கைப்புள்ளையா இருக்கையில போனவரு. வருசா வருசம் காயிதமும் பணமும் வரும். சப்பான்காரன் வந்தான், நின்னு போச்சு. நாலு வருசமாக் காயிதமில்ல. எங்க ஆத்தா தாலியத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருக்கும். இந்தக் கப்பல்ல ஏறிப் போறவுக எங்க ஐயாவப் பாக்க மாட்டாகளான்னு எனக்கு ஒரு நெனப்பு. சிப்பாயிகிட்டச் சொல்லலாமுன்னா பாசை தெரியல. ‘கிள்ளான், கிள்ளான்’னு சொல்லுவேன். அவுக சிரிச்சுப்புட்டு பிஸ்கோத்து குடுப்பாக.”

நாம் கையிலிருந்த குறிப்புப் புத்தகத்தை மூடினோம்.

அந்த விமானங்கள் எங்கே போயின என்பது நமக்குத் தெரியும். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்துவிட்டது. என்றாலும் ஏற்பாடு செய்த படையெடுப்பை நிறுத்தவில்லை. 11-ஆம் ஸ்குவாட்ரனின் ஸ்பிட்பயர்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், கடலிலிருந்து கிளப்பி, செப்டம்பரில் மலாயாவில் கெலனாங் என்னும் மைதானத்தில் இறக்கினார்கள். கெலனாங் சிலாங்கூர் ராஜ்யத்தில், கிள்ளானுக்குத் தெற்கே, கடற்கரையோரமாக இருக்கிறது. ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்த பிரதேசம். இந்தப் பெண் எண்ணி எண்ணி அனுப்பிய விமானங்கள் அவள் நினைத்த இடத்துக்கேதான் போயிருக்கின்றன.

நமக்குத் தெரிந்தது அது மட்டுமல்ல. யுத்த காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஜப்பானியர் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டவர்களின் கணக்கை யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. அவளுடைய தகப்பனார் திரும்பி வரவில்லை என்பதைக் கொள்ளுப்பேரன் நமக்கு வழியிலேயே சொல்லியிருந்தான்.

எதைச் சொல்வது, எதை விடுவது? வகுப்பில் இருபது வருஷம் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவருக்கு இந்தக் கேள்வி சுலபமாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. சார்ஜெண்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் முதல் பாதியை மட்டும் சொன்னோம். அந்த விமானங்கள் கிள்ளானுக்குப் பக்கத்தில்தான் இறங்கின, சண்டை முடிந்த பிறகு இறங்கின, குண்டு போடவில்லை என்று சொன்னோம்.

அவள் வெற்றிலை உலக்கையைக் கீழே வைத்தாள். “குண்டு போடலையா?” என்றாள். இல்லை என்றோம். “அது போதும்” என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் பரப்புன கல்லுல ஏறிப் போயி, எங்க ஐயா தலையில குண்டப் போட்டுப்புட்டாகளோன்னு எங்க ஆத்தா சாகுமட்டும் என்னய ஒரு பார்வை பாக்கும்.”

திரும்பி வரும் வழியில் ஏஜெண்டு வெகு தூரம் பேசாமல் வந்தார். காரைக்குடிக்குள் நுழைந்ததும், “மதுரையை அடித்துவிட்டுச் செட்டிநாடு என்று எழுதிவிடுங்கள் ஸார்” என்றார்.

அன்றிரவே சீமைக்குக் கடிதம் எழுதினோம். நிழல் கணக்கு, மலைக் கணக்கு, இரண்டு கையாலும் கூடையைப் பிடித்த சிறு பெண்ணின் கதை எல்லாவற்றையும் எழுதினோம். பத்து நாளில் பதில் வந்துவிட்டது. படத்தின் பெரிய பிரதி ஒன்றைச் சட்டம் போட்டு அனுப்புகிறாளாம். தாத்தா எழுதியதற்குக் கீழே சரியான ஊரையும், விமானத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் அந்த மூன்று பெண்களின் பெயரையும் எழுதிவைக்க விரும்புகிறாள். தெரிவிக்க முடியுமா என்று கேட்டிருந்தாள்.

மறுபடி போனோம். தன் பெயரைச் சொன்னாள். வலது பக்கம் போகிறவள் பெயரைச் சொன்னாள். அவள் கண்டனூரில் வாழ்க்கைப்பட்டு வெகு காலத்துக்கு முன் காலமாகிவிட்டாளாம். இடது பக்கத்தவள் பெயர் தொண்டை வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. மேலத் தெருக்காரி, தாயில்லாப் பிள்ளை, நன்றாகப் பாடுவாள் என்பதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. பெயர் மட்டும் வரவில்லை. இரண்டு மூன்று பெயர்களைச் சொல்லிப் பார்த்துத் தானே தலையை ஆட்டிவிட்டாள். ராத்திரி படுக்கும்போது நினைவு வரும், காலையில் பையனிடம் சொல்லி அனுப்புகிறேன் என்றாள். பையன் தினமும் பள்ளிக்கூடத்துக்கு வந்ததும் முதலில் நம் அறை வாசலுக்கு வந்து, “இன்னும் இல்ல ஸார்” என்று சொல்லிவிட்டுப் போகிறான்.